கல்லைப் பார்க்க ஒரு நாள்: திண்டுக்கல் நகரும் சமவெளியும்

கொடைக்கானலுக்கும் பழனிக்கும் போகிற பேருந்துகளில் பல திண்டுக்கல்லில் நின்றுதான் போகின்றன. பயணிகள் இறங்கி டீ குடிக்கிறார்கள். சிலர் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறார்கள். பேருந்து புறப்படும்போது ஜன்னலுக்கு வெளியே அந்த மொட்டைப் பாறை தெரிகிறது. உச்சியில் கோட்டைச் சுவர் ஒரு கோடாக ஓடுகிறது. அடுத்த வளைவில் அது மறைந்துவிடுகிறது. இந்த அத்தியாயம், அந்தப் பேருந்திலிருந்து ஒரு நாள் முன்னதாகவே இறங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கானது.

உலகத்தின் அழகான இடங்களைத் தொகுக்கும் நூல்கள் இயற்கைக்கு ஒரு பகுதி, சிற்பத்துக்கு ஒரு பகுதி, கட்டடக்கலைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்கின்றன. திண்டுக்கல்லுக்கு அந்தப் பிரிவினை பொருந்தாது. இங்கே மூன்றுக்கும் அடிப்படை கல். மழையும் வெயிலும் மட்டுமே தொட்ட கல்லை நகரத்தின் நடுவிலேயே பார்க்கலாம். அந்தக் கல்லின் தலையில் சுவர் எழுப்பி அதையே ஒரு கோட்டையாக்கியிருப்பதை அரை மணி நேரம் ஏறினால் பார்க்கலாம். இதே சமவெளியின் இன்னொரு மூலையில், தாடிக்கொம்பில், கல்லுக்குள்ளிருந்து ஆளுயரத்தையும் மிஞ்சிய உருவங்களை வெளியே எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றையும் இந்த வரிசையிலேயே, ஒரே நாளில் பாருங்கள் என்பதுதான் என் பரிந்துரை. முதலில் பாறையின் மீது நடந்து அதன் கடினத்தைக் காலில் உணர்ந்தவர்களுக்குத் தாடிக்கொம்புச் சிற்பியின் உழைப்பு வேறு அளவில் புரியும்.

எப்போது வரலாம்

திண்டுக்கல் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பங்கைப் பழனி மலையும் அதற்கு அப்பால் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையும் வாங்கிக்கொள்கின்றன. ஆடி மாதத்தில் இந்தச் சமவெளிக்குக் காற்று வரும், மழை அவ்வளவாக வராது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய்களில் தண்ணீர் சேரும்.

இதைத் தெரிந்துகொண்டால் பயணத்துக்கு மாதம் குறிப்பது எளிது. கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் மலையடிவாரம் பச்சை பிடித்திருக்கும். காற்றில் தூசி இருக்காது. உச்சியிலிருந்து சிறுமலையின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். பங்குனி பிறந்துவிட்டால் பாறை சூடேறத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குமேல் மலையேறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், இளைஞர்களுக்கும்கூட. மொட்டைப் பாறையில் நிழல் கிடையாது. மேலிருந்து வரும் வெயில் போதாதென்று கீழிருந்து கல்லும் அனல் வீசும்.

மாசி மாதத்தில் மலையடிவாரத்துக் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும். ஊரே அங்கே இருக்கும். திருவிழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கோட்டையை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் சுமார் 65 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் போகும் ரயில்களில் பல திண்டுக்கல் சந்திப்பு வழியாகச் செல்கின்றன. முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுவது நல்லது. மறுநாள் விடியற்காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தால் நல்ல வெளிச்சத்தில் பாதி போய்விடும்.

மலைக்கோட்டை

ஏறுவதற்கு முன்பு ஒரு தடவை மலையைச் சுற்றிப் பாருங்கள். மலையின் சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குள்தான். பௌர்ணமியில் கிரிவலம் வருகிறவர்கள் நடக்கும் பாதையும் அதுவே. ஒரு பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. இன்னொரு பக்கம் சாய்வாக, மனிதர் ஏறக்கூடியதாக இருக்கிறது. கோட்டை கட்டியவர்களின் வேலையில் பெரும்பகுதியைப் பாறை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது என்பது அப்போது விளங்கும். செங்குத்தான பக்கங்களை எதிரி ஏற முடியாது. சாய்வான பக்கத்தை மட்டும் படியும் வாசலும் சுவருமாக அடைத்துவிட்டால் போதும்.

இந்த யோசனை உலகத்துக்குப் பொதுவானது. இலங்கையில் காசியப்பன், பொது ஆண்டு 477 முதல் 495 வரை ஆண்டபோது, சிகிரியாவில் தனியாக நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறையின் தலையில் அரண்மனை கட்டினான். குவாலியர், கோல்கொண்டா, நம்முடைய செஞ்சி, நாமக்கல், திருச்சி எல்லாமே இந்த வகைதான். சிகிரியா 1982-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரிசையில் நின்றுதான் ஏற வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்லில், விடுமுறை இல்லாத ஒரு காலைப் பொழுதில், உச்சி முழுவதும் உங்களுக்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. சிகிரியாவையும் இதையும் பார்த்தவர்கள் ஓவியத்திலும் தோட்டத்திலும் சிகிரியாவுக்கு ஈடில்லை என்பார்கள், அது சரியே. ஆனால் ஒரு பாறை கோட்டையாக மாறும் விதத்தை அறிய திண்டுக்கல் எந்த வகையிலும் குறைந்த பாடம் இல்லை.

மதுரை நாயக்கர்களில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-இல், கோட்டைப் பணி தொடங்கியது. பிறகு திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். மதுரைக்கு வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் படை இந்த இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் வெளி வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த வெளியின் நடுவில் இயற்கையே ஒரு காவல் கோபுரத்தை நிறுத்தியிருக்கும்போது எந்த அரசன்தான் அதை விட்டுவைப்பான்? மைசூர்க்காரர்களும் விட்டுவைக்கவில்லை. 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தார். அப்போது அவர் மைசூரின் அரசர் இல்லை. வளர்ந்துவரும் ஒரு படைத்தலைவர். பிரெஞ்சு வல்லுநர்களின் உதவியோடு இங்கேதான் அவர் ஒரு ஆயுதச்சாலையை அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயரைத் திணறடித்த ஒரு படையின் தொடக்கத்தில் இந்தப் பாறைக்குப் பங்கு உண்டு.

சிவகங்கை அரசி வேலு நாச்சியாரையும் இங்கே நினைக்க வேண்டும். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த பிறகு, மகளோடு தப்பி வந்த அவருக்கு விருப்பாட்சி கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். ஹைதர் அலியின் உதவியும் கிடைத்தது. 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். திண்டுக்கல் சீமையில் கழிந்த அந்தச் சில ஆண்டுகள்தான் அவரை மீண்டும் போருக்கு ஆயத்தமாக்கின. கோபால நாயக்கரை ஆங்கிலேயர் 1801-இல் தூக்கிலிட்டார்கள். கோட்டை அதற்கு முன்பே, 1790-இல், அவர்கள் கைக்குப் போயிருந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் திண்டுக்கல்லை அவர்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி ஏறும் முறை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் இது. அடிவாரத்தில் சீட்டு வாங்க வேண்டும். திறக்கும் நேரத்தை நீங்கள் தங்கும் விடுதியில் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டு, திறந்தவுடன் ஏறிவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரையும் ஒரு தொப்பியையும் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது. வழுவழுப்பான அடிப்பாகமுள்ள செருப்பு வேண்டாம். பல நூறு ஆண்டுகளாகப் பாதம் பட்டுத் தேய்ந்த படிகள் இவை. மழை பெய்த மறுநாள் வழுக்கும்.

பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கும்போது காலடியில் இருக்கும் படிகளைக் கவனியுங்கள். வேறு இடத்திலிருந்து கல் கொண்டுவந்து வைத்த படிகள் எவை, பாறையிலேயே வெட்டிய படிகள் எவை என்று பிரித்துப் பார்க்க முடியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம்; ஏறும் களைப்பு தெரியாது. சுவர்களிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அடியில் பாறை எங்கே முடிகிறது, கட்டுமானம் எங்கே தொடங்குகிறது? சில இடங்களில் இரண்டும் சேரும் கோட்டைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆகும். சுவர் நேர்கோட்டில் போகவில்லை. பாறை வளையும் இடத்தில் தானும் வளைகிறது. வரைபடம் போட்டுக் கட்டிய கட்டடத்துக்கும் இடத்தைக் கேட்டுக் கட்டிய கட்டடத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

மேலே இருக்கும் வெடிமருந்துக் கிடங்கு, படைவீரர் அறைகள், சிறை அறைகள் ஆகியவை செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. கிடங்குக்குள் நுழைந்ததும் சில நிமிடம் பேசாமல் நில்லுங்கள். வெளியே அனல் அடிக்கும் நாளிலும் உள்ளே குளுமை இருக்கும். சுவரின் கனம் ஒரு காரணம். காற்று வந்து போகும்படி திறப்புகளை வைத்திருப்பது இன்னொரு காரணம். வெடிமருந்து ஈரம் படாமலும் சூடேறாமலும் இருக்க வேண்டும் என்ற தேவை இந்த அறையின் வடிவத்தைத் தீர்மானித்தது. இன்று குளிர்சாதனம் இல்லாமல் வீடு கட்ட முடியாது என்று நம்புகிறவர்கள் இங்கே ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

பீரங்கிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சுனைகளையும் தேடுங்கள். வருகிறவர்களில் பலர் பீரங்கி மீது சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். என் பார்வையில் கோட்டையின் உண்மையான ஆயுதம் அந்தச் சுனைகள்தான். எவ்வளவு உயரமான பாறையாக இருந்தாலும் தண்ணீர் இல்லையென்றால் முற்றுகையில் சில நாட்களுக்குமேல் தாங்காது. பாறையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, அத்தனையும் ஓடிவரும். அந்த ஓட்டத்தை வாய்க்கால் வைத்துத் திருப்பி, பள்ளங்களில் தேக்கியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்த மாதங்களில் அவற்றில் தண்ணீர் நிற்கும். ஓரத்தில் பாசி இருக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் இறங்க வேண்டாம்.

உச்சியில் ஒரு கல் கோயில் இருக்கிறது. கருவறை வெறுமையாக இருக்கும். தெய்வத் திருமேனிகள் கீழே நகருக்கு வந்துவிட்டன. இன்று ஊருக்கு நடுவில் இருக்கும் அபிராமி அம்மன் கோயிலில் காளகத்தீஸ்வரர்–ஞானாம்பிகை, பத்மகிரீஸ்வரர்–அபிராமி என்று இரண்டு சுவாமி, இரண்டு அம்பாள் இருப்பதன் பின்னணியில் இந்த இடமாற்றக் கதையைத்தான் ஊரார் சொல்கிறார்கள். பத்மகிரி என்பது இந்த மலைக்குச் சமய நூல்கள் வழங்கும் பெயர். வெறும் மண்டபம்தானே என்று இந்தக் கோயிலைக் கடந்துபோகாதீர்கள். விளக்கும் மாலையும் திரையும் இல்லாததால் ஒரு கோயிலின் எலும்புக்கூட்டை, அதாவது தூண் எப்படி உத்தரத்தைத் தாங்குகிறது, உத்தரத்தின் மேல் கூரைப் பலகைக்கல் எப்படி உட்காருகிறது என்பதை, இவ்வளவு நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு வழிபாட்டில் உள்ள கோயில்களில் கிடைக்காது. இங்கே பார்த்து வைத்துக்கொண்டால் தாடிக்கொம்பில் அந்த எலும்புக்கூட்டின் மேல் எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிடலாம்.

பிறகு விளிம்புச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வாருங்கள். மேற்கே பழனி மலை நீல மதிலாக நிற்கும். தென்கிழக்கே சிறுமலை, தனியாக. சிறுமலையைக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் உதிரித் துண்டாகக் கணக்கிடுகிறார்கள். பழனி மலை மேற்குத் தொடர்ச்சியின் கிளை. ஒரே இடத்தில் நின்று, தலையை மட்டும் திருப்பி, தென்னிந்தியாவின் இரண்டு பெரிய மலைக் குடும்பங்களையும் பார்க்கும் இடங்கள் அதிகம் இல்லை. வடக்கே கரூர்ப் பக்கம் வெளி விரிந்துகொண்டே போகிறது. அந்தத் திசையில்தான் இன்றைய அடுத்த இடம்.

ஒரு வேண்டுகோள். சுவர்களில் ஆணியாலும் கல்லாலும் கீறிய பெயர்களைப் பார்ப்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் மழைநீர் அந்த வழியாக உள்ளே போகும், பூச்சு உதிரும், பிறகு செங்கல் கரையும். நானூறு ஆண்டுகளைத் தாங்கிய சுவரை ஒரு கீறல் அழிக்கத் தொடங்கிவிடும். உங்களோடு வரும் பிள்ளைகளுக்கு இதை ஏறுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப்போனவர்களே திரும்பக் கொண்டுவரட்டும்.

நகருக்குள்

இறங்கும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். தாடிக்கொம்புக்குப் போவதற்கு முன் நகருக்குள் பார்க்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கிறார். அவரால்தான் அந்தப் பகுதிக்கே பேகம்பூர் என்ற பெயர் வந்தது. கோட்டையில் போரைப் பற்றி மட்டுமே கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, அதே காலத்துக் குடும்பம் ஒன்று இந்த ஊரில் வாழ்ந்து, ஒருத்தியை இங்கேயே அடக்கம் செய்துவிட்டுப் போனது என்ற செய்தி வேறொரு விதமாக மனதில் படியும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்தைத் தவிருங்கள். வாசலில் இருப்பவரிடம் சலாம் சொல்லி, பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தலையை மூடிக்கொள்ள பெண்கள் ஒரு துப்பட்டாவோ புடவைத் தலைப்போ வைத்துக்கொள்வது நல்லது.

புனித வளனார் பேராலயம் 1866-க்கும் 1872-க்கும் இடையில் கட்டப்பட்டது. 2003-இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது இதுவே அதன் தலைமைக் கோயிலாயிற்று. உயரமான கூரையும் அதன் கீழ் தேங்கும் நிழலும் வெயிலில் அலைந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். வழிபாடு நடக்கும் நேரமாக இருந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள்.

நண்பகல் உணவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் சீரகச் சம்பா பிரியாணிதான் நினைவுக்கு வருகிறது. பொடிப்பொடியான அந்த அரிசியில் மசாலா நன்றாக ஏறும். பாஸ்மதியில் அது நடக்காது. கறிக்கு எலும்போடு வாங்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பேருந்து நிலையத்தைச் சுற்றி நல்ல சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் அரை டஜன் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பழம். மலையில் விளைவதால் நீர்ச்சத்து குறைவு. இரண்டு மூன்று நாள் தாங்கும்.

தாடிக்கொம்பு

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் சாலையில், சுமார் எட்டு கிலோமீட்டரில் தாடிக்கொம்பு. டவுன் பஸ் உண்டு. ஆட்டோவில் போகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் குடகனாற்றங்கரையில் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். இரண்டு வழி உண்டு: நகரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மலையிலிருந்து இறங்கிய உடனே இங்கே வருவது, அல்லது உணவும் ஓய்வும் முடிந்து மாலை நடை திறக்கும்போது வருவது. வெளிச்சம் மண்டபத்துக்குள் சாய்ந்து வரும் முற்பகலை நான் விரும்புகிறேன். சிற்பத்தை அதன் நிழல்தான் காட்டும். தலைக்குமேல் எரியும் மின்விளக்கு எல்லா மேடுபள்ளத்தையும் தட்டையாக்கிவிடும்.

தேய்பிறை அஷ்டமியில் இங்குள்ள சொர்ண ஆகர்ஷண பைரவரை வழிபடக் கூட்டம் அலைமோதும். வழிபாட்டுக்காக வருகிறவர்களுக்கு அது சிறந்த நாள். சிற்பங்களை நின்று பார்க்க நினைப்பவர்கள் காலண்டரைப் பார்த்து வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பெருமாளைச் சேவித்துவிட்டு, தாயார் சன்னதிக்குப் போங்கள். தாயாரின் திருநாமம் கல்யாண சௌந்தரவல்லி. அந்தச் சன்னதிக்கு முன்னால் இருக்கும் ரங்கமண்டபம்தான் நீங்கள் வந்ததற்கான காரணம். விஜயநகரப் பேரரசில் அச்சுத தேவராயர் ஆட்சி செய்த பதினாறாம் நூற்றாண்டோடு இந்தக் கோயிலின் பெரிய திருப்பணிகளைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

நுழைந்ததும் ஒவ்வொரு தூணாகப் பார்க்கத் தொடங்காதீர்கள். மண்டபத்தின் நடுவில் தரையில் உட்காருங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் இரண்டு பக்கமும் உருவங்கள் முன்னே வருவது தெரியும். கருடன் மீது அமர்ந்த திருமால், வைகுண்டநாதர், சக்கரத்தாழ்வார், உலகளந்த பெருமாள், அனுமனோடு இராமர், வேணுகோபாலன், கரும்பு வில்லோடு மன்மதன், ரதி, கார்த்தவீரியார்ஜுனன். நரசிம்மருக்கு இரண்டு தூண்கள். ஒன்றில் இரணியனோடு போர், மற்றதில் வதம்.

அந்த இரண்டு தூண்களிலிருந்து தொடங்குங்கள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தால் சிற்பி காலத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பது விளங்கும். முதல் தூணில் முடிவு இன்னும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பலம் இருக்கிறது. உடல்கள் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டாவதில் எல்லாம் முடிந்துவிட்டது. இரணியன் மடியில் கிடக்கிறான், இழுவை ஒரே திசையில். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதையின் எந்தக் கணத்தைக் கல்லில் நிறுத்துவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் கலைஞன் தெரிகிறான்.

உலகளந்த பெருமாளுக்கு முன் நின்று, தூக்கிய காலை விட்டுவிட்டு, ஊன்றிய காலைப் பாருங்கள். மொத்தப் பாரமும் அந்த ஒரு காலில் இறங்குகிறது. உயர்ந்த காலும் விரிந்த கைகளும் தூணோடு சேர்ந்த ஒரே கல். தனியாகச் செதுக்கி ஒட்டியது எதுவும் இல்லை. ஒரு விரல் உடைந்தால் மாற்று விரல் கிடையாது. அந்தத் தூணே வீண். அந்த ஆபத்தை ஒவ்வொரு உளி அடியிலும் சுமந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

இங்கே உலகத்தைத் துணைக்கு அழைக்கலாம். பிளாரன்சில் மைக்கலாஞ்சலோ தன் தாவீது சிற்பத்தை 1504-இல் முடித்தார். தாடிக்கொம்பின் காலமும் ஏறக்குறைய அதே நூற்றாண்டு. தாவீது 5 மீட்டருக்குமேல் உயரம், உலகமே போய்ப் பார்க்கிறது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது சலவைக்கல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3 மதிப்பு. கருங்கல் வகைகளில் இருக்கும் பெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்சுக்கு 7. சலவைக்கல்லை உளியால் சீவலாம், அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கலாம். கருங்கல் அப்படி வளைந்து கொடுக்காது. துளித்துளியாகக் கொத்தி உதிர்க்க வேண்டும். உளி மழுங்க மழுங்கக் கொல்லரிடம் கொடுத்துத் தீட்ட வேண்டும். இவ்வளவு கடினமான கல்லில் ஒரு மெல்லிய ஆபரணத்தையும் புடவை மடிப்பையும் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. காலையில் நீங்கள் நடந்த பாறையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது பெருமாள் கோயில். ஆனால் இதே மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவர் இருக்கிறார், தில்லைக்காளி இருக்கிறாள், அகோர வீரபத்திரரும் இருக்கிறார். மதுரை மீனாட்சி கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அவர்கள் இருப்பது இயல்பு. ஒரு தாயார் சன்னதியின் முன்னால் சிவனின் நடனத்தையும் காளியையும் நிறுத்திய மனம் எப்படிப்பட்டது என்று நினைக்கும்போது எனக்கு அந்த நூற்றாண்டின் மீது மரியாதை கூடுகிறது. காளியின் தூணும் தாண்டவரின் தூணும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு உடனே மற்றதைப் பாருங்கள். சிவனுக்கும் காளிக்கும் நடந்த நடனப் போட்டி அங்கேதான் நடக்கிறது.

தட்டினால் ஒலி தரும் இசைத்தூண்களும் கோயிலில் உண்டு. ஹம்பி விட்டலர் கோயிலிலும் நெல்லையப்பர் கோயிலிலும் இருக்கும் வகை. தயவுசெய்து தட்டாதீர்கள். காசால் தட்டித் தட்டியே பல ஊர்களில் இந்தத் தூண்கள் மூளியாகிவிட்டன. சிற்பங்களைத் தொட வேண்டாம், எண்ணெயோ திருநீறோ பூச வேண்டாம். படம் எடுக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குறைவான நேரமே இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட மூன்று தூண்களை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வருவது மேல்.

மலையேற முடியாதவர்களுக்கும், இரண்டாம் நாள் இருப்பவர்களுக்கும்

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கோட்டையை அடிவாரத்திலிருந்து பார்த்துவிட்டு, அபிராமி அம்மன் கோயிலையும் தாடிக்கொம்பையும் வைத்தே நாளை அமைத்துக்கொள்ளலாம். தாடிக்கொம்பில் ஏற வேண்டிய உயரம் எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் கையில் இருந்தால் சிறுமலைக்குப் போங்கள். நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் நீங்கள் முந்தின நாள் ஏறிய பாறை கீழே எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று ஏதாவது ஒரு வளைவில் நிறுத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் மேகம் சாலையில் இறங்கிவிடும். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மேற்குப் பக்கம் ஆத்தூரில் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தருவது அதுதான் என்பதால் துணி துவைப்பது, குப்பை போடுவது எதுவும் அங்கே கூடாது. மலையடிவாரத்தில் தண்ணீர் விரிந்து கிடக்கும் காட்சியைக் காலையில் பார்ப்பது நல்லது. பறவைகளும் அப்போதுதான் இருக்கும்.

திரும்பும்போது வாங்க இரண்டு பொருட்கள். ஒன்று பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகர்ப் பக்கத்தில் கையால் செய்யும் பட்டறைகள் இன்னும் சில இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மாங்காய் வடிவப் பூட்டைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டு அருகிலேயே கிடைக்கும். கையால் செய்ததற்கு விலை கூட இருக்கும், கொடுக்கத் தகுந்த விலைதான். பட்டறையில் நின்று, உள்ளே எத்தனை லீவர் இருக்கிறது என்று கேட்டால் செய்கிறவர்களே திறந்து காட்டுவார்கள்.

மற்றொன்று சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவை. மதுரைச் சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி. துணியில் புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத புள்ளிகள் வெள்ளையாக நிற்கும். முடிச்சுப் போட்ட புடவையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சிட்டதில் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இரண்டுமே கடைகளில் உண்டு. எது எது என்று கேட்டு, விரித்துப் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு சலவைக்குத் தனியாக, உப்புப் போட்ட தண்ணீரில் அலசச் சொல்வார்கள். பக்கத்திலேயே 1947-இல் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது. அதன் கதர்க் கடையையும் பார்க்கலாம். மதுரை–திண்டுக்கல் பேருந்துகள் இந்த வழியாகப் போவதால், மதுரைக்குத் திரும்புகிறவர்கள் மறுபடி நகருக்கு வராமல் இங்கிருந்தே ஏறிக்கொள்ளலாம். புறவழிச்சாலையில் போகும் வண்டியா, ஊருக்குள் நிற்கும் வண்டியா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.